முப்பத்தெட்டு வார்த்தைகள்

அத்தியாயம் 14

பன்னிரண்டு நாட்களாக அந்த வீட்டில் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் பேச்சு இல்லை.

மாடியில் சின்னவன். பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். கீழே அவன் அண்ணி. அதே பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்ப்பவள். வெளியிலிருந்து நிதி கேட்டு விண்ணப்பிக்கும் பேராசிரியர்களுக்குக் கைகொடுக்கும் அலுவலகம் அது. எந்த நிறுவனம் எந்த ஆராய்ச்சிக்கு நிதி தருகிறது என்று தேடிச் சொல்வார்கள், விண்ணப்பத்தைச் சரிபார்ப்பார்கள், கையெழுத்து வாங்கி அனுப்பி வைப்பார்கள். வளாகத்தில் அண்ணிக்கு 'ரெண்டாம் பக்கம்' என்று பட்டப்பெயர். யார் எந்த விண்ணப்பத்தோடு வந்து நின்றாலும், "விதிமுறையில ரெண்டாம் பக்கம் படிச்சீங்களா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

அதே கேள்வியை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கேட்டதுதான் வினையாகிவிட்டது.

"உங்களுக்கு ஃபார்ம் மட்டும்தான் அண்ணி தெரியும். உள்ள என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டான் சின்னவன். இரண்டு தடவை நிராகரிக்கப்பட்ட எரிச்சல் அவனுக்கு. அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

மூன்று நாளைக்கு முன்னால் அவன் மூன்றாவது விண்ணப்பத்தை அனுப்பினான். "யார் தயவும் இல்லாம நானே அனுப்பிட்டேன். பச்சை டிக் வந்தாச்சு!" என்று மாடிப்படியில் நின்று பெண்டாட்டியிடம் சொல்வதுபோலக் கீழ்த்தளத்துக்குக் கேட்கும்படி சொன்னான்.

அண்ணிக்குச் சுருக்கென்றது. நேற்றுக் காலை ஒரு காரியம் செய்தாள். தன்னைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றும்படி ஒரு கடிதம் எழுதி, இயக்குநரின் மேஜைத் தட்டில் வைத்துவிட்டு வந்தாள். வீட்டில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ரயில் ஓட்டப் போயிருக்கும் கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

இன்று அந்த நிதிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். மாலை ஐந்து மணியோடு கதவை மூடிவிடுவார்கள்.

* * *

காலையில் அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது ஓர்ப்படி மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள். சின்னவனின் மனைவி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். நாள் முழுக்க "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்துவதால் வீட்டில் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது.

"அக்கா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் அடி வாங்கறேன். எப்பதான் பேசிக்குவீங்க?"

"நான் பேச மாட்டேன்னு சொன்னேனா?"

"அவரும் இதையேதான் சொல்றாரு."

"அப்போ பிரச்சினையே இல்லையே."

கிளட்ச் தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, இது மட்டும் கிடைக்கலைன்னா அடுத்த மாசம் அவர் லேப் ரூமை வேற துறைக்குக் கொடுத்துடுவாங்களாம். கூட வேலை செய்யற ரெண்டு பொண்ணுங்களையும் அனுப்பணும். இந்த நிதியை மூணு வருஷத்துக்கு ஒரு தடவைதான் அறிவிப்பாங்களாம். மனுஷன் தூங்கறதே இல்ல."

"அதான் அனுப்பியாச்சே. நல்லதே நடக்கும்" என்றாள் அண்ணி. மனசாரத்தான் சொன்னாள். கோபம் வேறு, அவன் பிழைப்பு வேறு.

* * *

ஆராய்ச்சி அலுவலகம் நிர்வாகக் கட்டடத்தின் பின்பக்கம், மூன்று மேஜையும் ஓர் இயக்குநர் அறையும் உள்ள இடம். ஜன்னலோரம் நான்கு செடித் தொட்டிகள் இருக்கும். தாவரவியல்காரர் ஒருவர் நிதி கிடைக்கும்போதெல்லாம் ஒன்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். எல்லோரும் அவரைப் போல் இல்லை. கிடைத்தால் அது அவர்கள் மூளை, கிடைக்காவிட்டால் அது அலுவலகத்தின் குளறுபடி. அண்ணிக்கு இதெல்லாம் பழகிப்போனது. அந்த நான்கு தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் திறப்பாள்.

பதினொன்றரைக்கு இயக்குநர் எட்டிப் பார்த்தார். கையில் எப்போதும்போல வெந்நீர் டம்ளர்.

"பக்கத்து மேஜையம்மா அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில இருக்காங்க. நாலு நாளா லீவு. அவங்க வரிசையில இருக்கிறதை நீங்க பார்த்து முடிச்சுடுங்கம்மா."

பக்கத்து மேஜைக்காரியின் வரிசையில் ஏழு விண்ணப்பங்கள் இருந்தன. ஆறுக்குக் கெடு அடுத்த வாரம்தான். ஏழாவது வரி மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. 'உறவினர். அணுக அனுமதி இல்லை.'

சொந்தக்காரர் விண்ணப்பத்தை அலுவலகத்தில் யாரும் தொடக் கூடாது என்பது விதி. அதனால்தான் சின்னவனுடைய கோப்பு பக்கத்து மேஜைக்குப் போயிருந்தது. அண்ணி அந்த வரியைத் தாண்டி அடுத்த வேலைக்குப் போகவிருந்தாள்.

கை நின்றது.

வெளியே போய்விட்ட விண்ணப்பம் வரிசையில் இருக்காது. வரிசையில் இருக்கிறது என்றால் இன்னும் போகவில்லை.

இந்த வருஷம்தான் புது முறை வந்திருந்தது. பேராசிரியர் பொத்தானை அழுத்தினால் விண்ணப்பம் நேராக நிதி நிறுவனத்துக்குப் போகாது. ஆராய்ச்சி அலுவலகத்தின் வரிசைக்கு வரும். இங்கே சரிபார்த்து, இயக்குநர் தன் கணக்கிலிருந்து கடைசிப் பொத்தானை அழுத்தினால்தான் வாசலைத் தாண்டும். பச்சை டிக்கை நம்பாதீர்கள் என்று ஆறு வகுப்பு எடுத்துத் தொண்டை வறண்டவள் அண்ணிதான். ஆறில் ஒன்றுக்குக்கூடச் சின்னவன் வரவில்லை. அண்ணி பாடம் எடுக்க, தான் பெஞ்சில் உட்காருவதா என்று இருந்துவிட்டான்.

ஆக, அவன் அனுப்பியது நாலு அடி தூரத்தில், ஆளில்லாத மேஜையில் மூன்று நாளாகப் படுத்துக் கிடக்கிறது.

தொடக் கூடாது என்பது விதி. தொடாமல் விட்டால் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. 'ஃபார்ம் மட்டும்தான் தெரியும்' என்றானே, அந்த ஃபார்ம் என்னவென்று இப்போது தெரிந்துகொள்ளட்டுமே என்று மனசின் ஒரு மூலை முணுமுணுத்தது.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அண்ணி எழுந்து இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

* * *

இயக்குநர் விஷயத்தைக் கேட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"மூணு நாளா வரிசையில இருக்கா? என் தப்பும்தான்மா. லீவு சொன்ன அன்னைக்கே வரிசையைப் பிரிச்சுக் கொடுத்திருக்கணும்."

"சார், தப்பை அப்புறம் பங்கு போட்டுக்கலாம். அஞ்சு மணிக்குள்ள போகணும். நான் தொடலாமா?"

"எழுதிக் கொடுத்துட்டுத் தொடலாம். உறவினர்னு அறிவிச்சு ஒரு கையெழுத்து. நீங்க பண்ற ஒவ்வொரு திருத்தத்தையும் நான் பார்ப்பேன். கடைசிப் பொத்தான் எப்படியும் என்னோடதுதானே."

அவள் எழுதிக் கொடுத்தாள். அவர் கோப்பைத் திறந்துவிட்டார்.

சின்னவனுக்குப் போன் போட்டாள். பன்னிரண்டு நாளில் முதல் தடவை. அணைத்து வைத்திருந்தான். தெருவுக்கு அடியில் ஓடும் தண்ணீர்க் குழாய்களில் கசிவைக் கண்டுபிடிப்பதுதான் அவன் ஆராய்ச்சி. கருவி குழாயில் சத்தம் கேட்கும் நேரத்தில் பக்கத்தில் போன் இருந்தால் குறுக்கிடும் என்று அணைத்துவிடுவான்.

ஓர்ப்படிக்குப் போட்டாள்.

"அக்கா, வகுப்புல இருக்கேன். டெய்லருக்கு ரிவர்ஸ் சொல்லிக் கொடுத்திட்டு... கிளட்ச்! கிளட்ச்! ஐயோ, குப்பைத் தொட்டி!"

"நான் சொல்றதைக் கேளு. உன் வீட்டுக்காரர் அனுப்பினது போகவே இல்ல. எங்க ஆபீஸ்லயே கிடக்கு."

அந்தப் பக்கம் பிரேக் கிறீச்சிட்டது. பிறகு மெல்லக் கேட்டாள். "பச்சை டிக்?"

"எங்ககிட்ட வந்ததுக்கு டிக். எங்க இருக்கான்?"

"தண்ணித் தொட்டி ரோட்டுப் பக்கம் ஏதோ ஒரு பள்ளத்துல. தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வரேன்."

"கையோட அவன் லேப்டாப்பும் வரணும்."

"அவரே வராரு, லேப்டாப் வராதா? வைங்கக்கா!"

* * *

காத்திருக்கும் நேரத்தில் அண்ணி விண்ணப்பத்தைப் படிக்க ஆரம்பித்தாள்.

வேலைத் திட்டம் நன்றாக இருந்தது. செலவுத் திட்டமும் சரி. தண்ணீர் வழங்கும் துறையின் ஒப்புதல் கடிதம் கையெழுத்தோடு இருந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதாம். புரிந்தது. ஒவ்வொரு வரியும் புரிந்தது. பத்தொன்பது வருஷம் எல்லாத் துறைக்காரர்களின் எழுத்தையும் படித்தவள். எறும்பூரக் கல்லும் தேயும்.

புரியாதது ஒன்றே ஒன்றுதான். முதல் பக்கச் சுருக்கம். 'ஒலி அலைவரிசைகளின் பன்முகப் பரவல் வழியான...' என்று ஆரம்பித்து ஆறு வரி மூச்சுவிடாமல் ஓடியது. தேர்வுக் குழு முதலில் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான். இரண்டு தடவை அவன் தோற்றது ஏன் என்று அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது.

கடைசிப் பகுதிக்கு வந்தாள். 'இந்த ஆராய்ச்சிக்கு நீங்கள் எப்படி வந்தீர்கள்?' ஐந்நூறு வார்த்தைக்குள் எழுதச் சொல்லியிருந்தார்கள். எண்ணிக் காட்டும் கருவியில் போட்டாள். ஐந்நூற்று முப்பத்தெட்டு.

"ரெண்டாம் பக்கம் படிக்கலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அளவு மீறினால் படிக்காமலே திருப்பி அனுப்புவோம் என்று அங்கேதான் போட்டிருந்தது. எதைக் குறைக்கலாம் என்று மேலிருந்து படித்துக்கொண்டு வந்தாள். வாங்கிய விருதுகள், தங்கப் பதக்கம், வெளியிட்ட கட்டுரைகள். பிறகு தனியாக ஒரு பத்தி.

'பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது உதவித்தொகை இருப்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. திருமணமாகி வந்து நான்கே மாதமான என் அண்ணி நூலகத்தில் அறிவிப்பைப் பார்த்து, விண்ணப்பத்தை வாங்கி வந்து, இரண்டாம் பக்கத்தை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். அந்தக் குரல் இல்லாவிட்டால் இன்று நான் குழாய்க்குள் ஒழுகும் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.'

கோப்பின் தேதியைப் பார்த்தாள். மூன்று நாளைக்கு முன்னால் எழுதியது. மாடிப்படியில் நின்று யார் தயவும் இல்லை என்று கத்தினானே, அன்றைக்கேதான்.

அண்ணிக்குக் கண் மறைத்தது. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழக்கதோஷத்தில் அந்தப் பத்தியை மட்டும் தனியாக எண்ணும் கருவியில் போட்டாள்.

முப்பத்தெட்டு.

* * *

மூன்று மணிக்கு வாசலில் ஒரு கார் இரண்டு தடவை குலுங்கி நின்றது. முன்கண்ணாடியில் சிவப்பு 'எல்' ஒட்டிய கார். ஓட்டி வந்தது டெய்லர். ஐம்பத்தாறு வயது, லைசென்ஸ் தேர்வில் இரண்டு தடவை தோற்றவர். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். பின் சீட்டிலிருந்து முழங்கால் வரை சேறோடு சின்னவன் இறங்கினான். முகத்தில் ஈயாடவில்லை.

"அவசரத்துல நானே ஓட்டியிருப்பேன்" என்றாள் கிளட்ச். "இவர் விட மாட்டேன்னுட்டாரு. அவர் காசு கட்டின வகுப்பாம்."

"நாலு சிக்னல்ல ஒண்ணுலகூட வண்டி அணையலை" என்றார் டெய்லர் பெருமையோடு.

சின்னவன் அண்ணிக்கு எதிரில் வந்து நின்றான். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அண்ணி, நான்..."

"அதெல்லாம் அஞ்சு மணிக்கு அப்புறம். காலைக் கழுவிட்டு வா. சுருக்கத்தைத் திரும்ப எழுதணும்."

அலுவலகத்துக்கு வெளியே நடையில் ஒரு நீல நாற்காலி கிடக்கும். கேட்கிற நாற்காலி என்று அதற்குப் பெயர். அண்ணியின் ஏற்பாடு. பேராசிரியர் தன் சுருக்கத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அந்தத் துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர், தபால் கொண்டுவருபவரோ மின்விசிறி ரிப்பேர் பார்க்க வந்தவரோ, அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் தனக்குப் புரிந்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் விழித்தால் சுருக்கம் தேறவில்லை என்று அர்த்தம். பெரிய பெரிய பேராசிரியர்களெல்லாம் அந்த நாற்காலிக்கு முன்னால் வழிந்திருக்கிறார்கள். சின்னவன் இன்றுவரை அந்தப் பக்கமே வந்ததில்லை.

இன்று நாற்காலியில் டெய்லர் உட்கார்ந்தார். சின்னவன் படித்தான். ஆறு வரியும் முடிந்தது.

"என்ன புரிஞ்சுது, சொல்லுங்க" என்றாள் அண்ணி.

டெய்லர் தொண்டையைச் செருமினார். "சார் நிறையப் படிச்சவருன்னு புரிஞ்சுது."

கிளட்ச் சிரிப்பை அடக்கப் புறங்கையைக் கடித்துக்கொண்டாள். சின்னவனுக்குக் காது சிவந்தது.

"பேப்பரைக் கீழ வை" என்றாள் அண்ணி. "அவர்கிட்ட சும்மா பேசு. எதுக்காக நீ பள்ளத்துல இறங்கி நிக்கறே?"

சின்னவன் தாளைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான். "தொட்டியிலிருந்து கிளம்பற தண்ணியில மூணுல ஒரு பங்கு வீட்டுக்கு வந்து சேர்றதே இல்லைங்க. தெருவுக்கு அடியிலயே ஒழுகிப் போயிடுது. எங்க ஒழுகுதுன்னு யாருக்கும் தெரியாது. அதனால கண்ட இடத்துல தோண்டிப் பார்க்கறாங்க. ஆனா ஒழுகற இடத்துல குழாய் ஒரு மாதிரி சீறும். என் கருவியை வீட்டுக் குழாய்லயே மாட்டிட்டா, அது அந்தச் சீறலைக் கேட்டு எத்தனை அடி தள்ளி ஓட்டைன்னு சொல்லிடும்."

"அட" என்று டெய்லர் நிமிர்ந்தார். "டாக்டர் நெஞ்சுல குழல் வச்சுக் கேக்கற மாதிரி! உடம்பை அறுக்காமலே நோயைச் சொல்லிடறாருல்ல, அதே மாதிரி தெருவைத் தோண்டாமலே ஓட்டையைச் சொல்றீங்க. எங்க தெருவுல நாலு தடவை தோண்டிட்டாங்க சார். முதல்ல எங்க தெருவுக்கு வாங்க!"

"இதைத்தான் எழுதணும்" என்றாள் அண்ணி.

சின்னவன் அண்ணியைப் பார்த்தான். இந்த ஐந்து நிமிஷத்துக்கு வராமல் இரண்டு தடவை தோற்றிருக்கிறோம் என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. அவளுக்கு அவன் மேல் மிச்சமிருந்த கோபமும் அந்த முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

* * *

சுருக்கம் எழுதி முடித்து, இயக்குநர் படித்து, "இது எனக்கே புரியுதே" என்று சொன்னபோது மணி நாலு இருபத்தைந்து.

"இன்னொண்ணு பாக்கி" என்றாள் அண்ணி. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். "கடைசிப் பகுதியில முப்பத்தெட்டு வார்த்தை அதிகம். மூணாவது பத்தியை எடுத்துட்டா சரியா ஐந்நூறு வரும்."

சின்னவன் திரையைப் பார்த்தான். மூன்றாவது பத்தி எது என்று தெரிந்ததும் கழுத்து வரை சிவந்தான். அண்ணி படித்துவிட்டாள் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"அதை எடுக்க முடியாது."

"அதுல ஆராய்ச்சி எதுவும் இல்ல. குழுவுக்கு அது தேவையே இல்லாத விஷயம்."

"எப்படி வந்தீங்கன்னுதானே கேட்டிருக்காங்க? நான் அப்படித்தான் வந்தேன்."

"மணி என்ன தெரியுமா உனக்கு? வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைக்காதே. எடுத்துடு."

"அண்ணி, உங்களை எதிர்த்துப் பேசினது ஒரு தடவை தப்பாப் போச்சு. இந்தத் தடவை தப்பில்ல." அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினான். முதல் பத்திக்குப் போனான். தங்கப் பதக்கத்தை அழித்தான். மூன்று விருதுகளை அழித்தான். சிறந்த இளம் விஞ்ஞானி என்று ஒரு வரி இருந்தது. வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைத்திருக்கும் விருது. அதிலே மட்டும் விரல் ஒரு நொடி தயங்கியது. பிறகு அதையும் அழித்தான்.

"எண்ணுங்க."

அண்ணி எண்ணும் கருவியில் போட்டாள். நானூற்றுத் தொண்ணூற்று ஏழு.

"மூணு வார்த்தை மிச்சம் இருக்கு" என்றாள்.

அவன் அந்த மூன்றாவது பத்தியின் கடைசிக்குப் போய் மூன்று வார்த்தை தட்டினான். 'நன்றி எல்லாம் என் அண்ணிக்கு' என்று எழுதப் பார்த்து அது நான்காக வந்ததால், ஒன்றை அழித்து, 'நன்றி என் அண்ணிக்கு' என்று முடித்தான்.

"விண்ணப்பத்துல எங்கயாவது இப்படி எழுதுவாங்களா?" என்றாள் அண்ணி. கன்னத்தில் இறங்கியதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

"ஐந்நூறுக்குள்ள இருக்கில்ல? அப்போ விதிப்படி சரிதான்" என்றார் பின்னால் நின்றிருந்த இயக்குநர்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு அவர் தன் கணக்கிலிருந்து கடைசிப் பொத்தானை அழுத்தினார். ஒரு சக்கரம் சுற்றியது. டெய்லர்கூட நாற்காலியை விட்டு எழுந்து கதவோரம் வந்து நின்றார். நாலு ஐம்பத்து நாலுக்கு நிதி நிறுவனத்திடமிருந்து பெற்றுக்கொண்டதாகப் பதிவு எண்ணோடு மின்னஞ்சல் வந்தது.

கிளட்ச் ஓடிவந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். சின்னவன் என்ன செய்வதென்று தெரியாமல் செடித் தொட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானும் ஒரு தொட்டி வாங்கிட்டு வரேன் அண்ணி. கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டியும் சரி."

"முதல்ல வகுப்புக்கு வா. அது போதும்."

* * *

எல்லோரும் காருக்குப் போன பிறகு அண்ணி இயக்குநர் அறைக்குள் நுழைந்தாள். தட்டில் நேற்று வைத்த கடிதத்தைத் தேடினாள். தட்டு காலியாக இருந்தது.

"சார், நேத்து ஒரு கடிதம் வச்சிருந்தேன். அதை நான் திரும்ப எடுத்துக்கறேன்."

இயக்குநர் டம்ளரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "மாறுதல் கடிதமா? அது காலையிலேயே பதிவாளர் ஆபீசுக்குப் போயிடுச்சேம்மா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? மனசு கஷ்டமா இருந்துச்சு, ஆனா நீங்க கேட்டதைத் தடுக்கக் கூடாதுன்னு அனுப்பிட்டேன். நாளைக்குப் பத்து மணிக்கு அவர் கையெழுத்துப் போட உட்காருவார். அதுக்குள்ள வேண்டாம்னு எழுதிக் கொடுத்துப் பாருங்க."

போக வேண்டியது மூன்று நாள் படுத்துக் கிடந்தது. கிடக்க வேண்டியது ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டது. அண்ணிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

காரில் முன்னால் டெய்லரும் கிளட்சும். பின்னால் அண்ணியும் சின்னவனும். அண்ணி கைப்பையிலிருந்து மாறுதல் விதிகள் அச்சிட்ட சுற்றறிக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு கடிதம் எழுதணும்" என்றாள். "ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்துட்டேன். எனக்குன்னு வரும்போது கை வரலை. நீ எழுதித் தர்றியா?"

"என்ன கடிதம் அண்ணி?"

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். சாப்பாட்டு மேஜை, மாடிப்படி, நேற்றுக் காலை. முன் சீட்டிலிருந்து கிளட்ச் திரும்பி, "அக்கா!" என்று மட்டும் சொன்னாள். சிக்னலில் வண்டி அணைந்துபோனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"என்னாலதான்" என்றான் சின்னவன்.

"உன்னால பாதி, என் கோவத்தால பாதி. ரெண்டு பேருமே அவசரமாப் பொத்தானை அழுத்தியிருக்கோம். இப்போ எழுதித் தர்றியா, மாட்டியா?"

"தர்றேன் அண்ணி. காலையில ஒன்பதே முக்காலுக்கு நானே பதிவாளர் வாசல்ல நிப்பேன்." அவன் அவள் மடியிலிருந்த சுற்றறிக்கையைப் பார்த்தான். பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக அவன் உதட்டில் பழைய குறும்பு வந்தது. "அது சரி, இதுல ரெண்டாம் பக்கம் படிச்சீங்களா?"

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். படிக்கவில்லை. கோபத்தில் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு கடிதம் எழுதியவள் அவள்.

சின்னவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். அவன் தாளை வாங்கிப் புரட்டி, வெளிச்சத்துக்குப் பிடித்து, ஒரு காலத்தில் அவள் அவனுக்குப் படித்துக் காட்டியதுபோலவே நிறுத்தி நிதானமாக உரக்கப் படிக்க ஆரம்பித்தான்.

"'ஒன்று. மாறுதல் கோரும் அலுவலர் தற்போதைய பிரிவில் ஐந்து ஆண்டு முடித்திருக்க வேண்டும்.' முடிச்சாச்சு. 'இரண்டு. துறைத் தலைவர் பரிந்துரைக்க வேண்டும்.' பண்ணிட்டாரு, நல்ல மனுஷன். 'மூன்று. ஒருமுறை அளித்த மாறுதல் கோரிக்கையைத் திரும்பப் பெறுவதானால், அது பதிவாளருக்குப் போய்ச் சேர்ந்த அன்றே...'"

அவன் குரல் அங்கேயே நின்றது.

"ஏன் நிறுத்திட்டே? படி" என்றாள் அண்ணி.

சின்னவன் தாளை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "டெய்லர் சார், வண்டியைத் திருப்புங்க" என்றான்.